வலப்பக்கப் பின்கதவு

லியபாயாவில் இன்று காற்று கடலிலிருந்து.
மணல் நுழையாதபடி ஷட்டரின் அடியில்
ஈரத்துணியைத் திணித்துவிட்டு
விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
கருநீல பானெட் முழுக்கச் சிலந்தி வலை.
கழுவுநிலையத் தூரிகைகள்
ஏழு குளிர்காலமாய் நெய்தது.

ஜெர்மன் பெயிண்ட். கல்.
எடுத்த எடுப்பில் கல்லிடம் கத்தக்கூடாது.
மெல்லிய பாலிஷ், மிருதுவான கறுப்பு ஸ்பாஞ்சு,
இரண்டு சாண் சதுரம்.
நாலு முறை போய் வந்தேன்.
துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பியவர் மாதிரி
பாலிஷ் கிளம்பிப் போயிற்று.
வலை அப்படியே.

ஆரஞ்சு பேடு, நடுத்தரப் பாலிஷ்:
பாதி அழிந்தது. மீதி
"அப்புறம்?" என்று பார்த்தது.

கம்பளிதான் என்பான் எட்வீன்ஸ், எதற்கும்.
மாதம் ஒரு புதுப் புட்டி வாங்குபவன்,
பழையதை முடித்ததே இல்லை.
கம்பளி வெட்டும், நிஜம்.
விளிம்பில் சூடேறி அது தின்றுவிட்டுப் போவதை
யார் திரும்ப ஊற்றுவது?

மைக்ரோஃபைபர் பேடு. கனமான காம்பவுண்டு.
பட்டாணி அளவில் நாலு சொட்டு.
வேகத்தைக் குறைத்து, கையின் எடையை மட்டும் கொடுத்து
நத்தையாய் நகர்ந்தேன்.
ஆல்கஹால் தெளித்துத் துடைத்தேன்,
எண்ணெய் சொல்லும் பொய்யை நம்பி
முன்பு ஒருமுறை ஏமாந்தவள் நான்.
வலை இல்லை.
வலை இருந்த இடத்தில் பால்மூட்டம்.
அதற்குக் கெட்டியான வெள்ளை ஸ்பாஞ்சு,
முதலில் தோற்ற அதே மெல்லிய பாலிஷ்.
இப்போது அதன் முறை.
விளக்கின் ஒவ்வொரு குமிழும்
பானெட்டுக்குள் தனித்தனியாக விழுந்தது.

விடை கிடைத்துவிட்டால் மிச்சம் வெறும் தோள்வலி.
கூரை, இடப்பக்கம், டிக்கி.
அளவுமானி சொன்னது:
நூற்றுப் பன்னிரண்டு மைக்ரான், நூற்றுப் பதினைந்து,
நூற்றுப் பத்து.

வலப்பக்கப் பின்கதவில்
இருநூற்று எழுபது.

மானியைத் தொடையில் தட்டிவிட்டு மறுபடி வைத்தேன்.
இருநூற்று அறுபத்தெட்டு.
வெள்ளை ஸ்பாஞ்சை ஒரே ஒரு முறை ஓட்டினேன்.
வெண்ணெய்.
இந்த ஒரு கதவு மட்டும்
வேறெங்கோ, வேறு யாரோ
அவசரமாக உடுத்திவிட்ட கதவு.

காலையில் சாவியைத் தந்த லாஸ்மா
வாசல்வரை போய்த் திரும்பி வந்திருந்தாள்.
"அந்தப் பக்கம் ரொம்ப அழுத்தாதீங்க."
சரி என்றேன்.
எல்லோருக்கும் ஏதாவது ஒரு பக்கம் இருக்கிறது.

கண்ணாடி வழியே குழந்தை இருக்கை.
மடிப்பில் பிஸ்கட் துகள்,
ஒற்றைக் கையுறை.

மிருதுவான கறுப்பு ஸ்பாஞ்சை எடுத்தேன்.
பானெட்டில் காலையில் ஒன்றுக்கும் ஆகாதது
இங்கே போதும், போதும் என்றது.
கைப்பிடிக்குக் கீழே
பெயிண்டுக்குள் அகப்பட்ட ஒரு தூசிப்புள்ளி.
அதைத் தேய்க்கலாம்.
தேய்க்கவில்லை.

சாயங்காலம் வந்தது கணவன், குந்தார்ஸ்.
கூடவே மகள் பைபா, மூக்கு ஒழுக.
அவன் காரைச் சுற்றி வந்தான்,
தன் முகத்தையே பல தடவை சந்தித்து
வெட்கப்பட்டுச் சிரித்தான்.
"எங்கேயாவது பிரச்சினை இருந்ததா?"

மானி என் பையில்.
கடைசி எண்ணைத் தானே மறக்காத மாடல்.

"கெட்டியான பெயிண்ட்," என்றேன்.
"நேரம் பிடித்தது."

பைபா பின்கதவைத் திறந்து
தானே ஏறிக்கொண்டாள்.
சாத்தும்போது
பளபளப்பின் நடுவில் ஐந்து விரல்.
அவன் குட்டையை எடுத்துத் துடைக்கப் போனான்.
கைக்குட்டை உரசும் என்று தடுத்து
நானே துடைத்தேன், என் துணியால்.
அவள் உள்ளிருந்து என்னையே பார்த்தாள்.
நான் துணியைப் பார்த்தேன்.

ராத்திரி தொட்டியில் பேடுகளைக் கழுவுகிறேன்.
கல்லை வெட்டியது, வெண்ணெயைத் தடவியது,
இரண்டையும் பிழிகிறேன்.
ஒரே வெள்ளைத் தண்ணீர்.